க்ரூகர் பூங்காவில் அதிகாரிகளே புல்லுக்குத் தீ வைக்கிறார்கள். ஏன்?

அம்பை_செல்வம்

நான் ஜோஹனஸ்பர்க்கில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அண்ணன் குடும்பம் வந்திருந்ததால் எல்லோருமாக க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போனோம். நும்பி வாசல் வழியாக நுழைந்து ப்ரிட்டோரியஸ்கோப் முகாமைத் தாண்டியதும் சாலைக்கு இடப்பக்கம் இடுப்புயரப் புல், வலப்பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் கரி. மரங்களெல்லாம் நிற்கின்றன, கீழே மட்டும் சுத்தமாக எரிந்து கிடக்கிறது. வழிகாட்டியிடம் கேட்டால், "பூங்கா ஆட்கள் வைத்த தீதான்" என்று சாதாரணமாகச் சொல்கிறார். அந்தக் கரிக்கு நடுவே விரற்கடை உயரத்துக்குப் பச்சைப்புல் கிளம்பியிருந்தது. வரிக்குதிரையும் இம்பாலாவும் இந்தப் பக்கத்துப் புல்லைச் சீந்தாமல் அங்கேதான் மேய்ந்துகொண்டிருந்தன.

காட்டுத்தீ என்றால் எனக்கு 2018 மார்ச்சில் குரங்கணியில் போன உயிர்கள்தான் ஞாபகம் வரும். விலங்குகளைக் காப்பாற்றுவதற்கென்றே இருக்கும் இடத்தில், சம்பளம் கொடுத்து ஆள் வைத்துத் தீ மூட்டுவது என்ன கணக்கு? பாம்பு, ஆமை, தரையில் முட்டையிடும் பறவை எல்லாம் என்ன ஆகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புல்லறிவாளன்

செல்வம், சவன்னா என்பது இடையிடையே மரம் நிற்கும் புல்வெளி. சவன்னாத் தீயைப் பற்றி உலகத்திலேயே மிக நீண்டகாலமாக நடக்கும் சோதனைகளில் ஒன்று நீங்கள் வண்டியில் போன அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1954இல் தொடங்கியது. ப்ரிட்டோரியஸ்கோப், ஸ்குகூசா, சதாரா, மோபானி என்று நான்கு வகை நிலங்களில், ஒவ்வொன்றும் சுமார் 7 ஹெக்டேர் அளவில் 200க்கும் மேற்பட்ட துண்டுகளைப் பிரித்தார்கள். ஒரு துண்டுக்கு ஆண்டுதோறும் தீ, பக்கத்துத் துண்டுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அடுத்ததற்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. அதிலும் ஆகஸ்டில் வைப்பது தனி, அக்டோபரில் வைப்பது தனி, மழைக்காலத்தில் வைப்பது தனி. ஒரு துண்டை மட்டும் எரிக்கவே கூடாது. இதை விடாமல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் செய்துவந்திருக்கிறார்கள். ஆட்சி மாறியது, நாட்டின் அரசியல் சட்டமே மாறியது, தீ அட்டவணை மாறவில்லை.

முதலில் புல்லைப் பாருங்கள். ஆப்பிரிக்கச் சவன்னாவின் உயரமான புற்கள் மழைக்காலத்தில் வேகமாக வளர்ந்து வறட்சியில் நின்றபடியே காய்ந்துவிடும். அவற்றின் குருத்து தரைமட்டத்திலோ அதற்குக் கீழோ இருக்கும். புல் தீ வேகமாக ஓடிவிடுவதால் மண்ணுக்குள் சூடு ஒன்றிரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்காது. மேலே எரிவது காய்ந்த தாள் மட்டும்தான், பயிர் உயிரோடு இருக்கிறது. தெமேடா என்று ஒரு புல் உண்டு. க்ரூகரிலும் தான்சானியாவின் செரெங்கெட்டியிலும் ஆஸ்திரேலியாவிலும் நம் நீலகிரியிலும் இருக்கிற ஒரே இனம் அது. அதைப் பல ஆண்டுகள் எரிக்காமலும் மேயாமலும் விட்டால் பழைய தாளெல்லாம் மேலே குவிந்து, அடியில் வெளிச்சம் படாமல், தூர் தானாகவே செத்துப்போகும்.

மரத்தின் கதை வேறு. சவன்னாவின் மரக்கன்று தீயில் தண்டு கருகினாலும் சாவதில்லை. வேர்க்கட்டையில் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது, கரும்பு மறுதாம்பு விடுவது போல மறுபடி கிளம்பும். அடுத்த தீ வந்தால் மறுபடி கருகும். தீச்சுவாலை எட்டாத உயரத்துக்கு, அதாவது சுமாராக இரண்டு மூன்று மீட்டருக்கு மேல், வளர்ந்துவிட்டால் தப்பித்தது. முழங்கால் உயரத்தில் நிற்கும் ஒரு குச்சி இருபது முப்பது வயது மரமாக இருக்கலாம்! அதனால்தான் க்ரூகர் துண்டுகளை நாற்பது ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தபோது, எரித்த துண்டுக்கும் எரிக்காத துண்டுக்கும் மரங்களின் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. மாறியிருந்தது உயரம்தான். எரிக்காத இடத்தில் அவை மரங்களாக நின்றன, எரித்த இடத்தில் அதே எண்ணிக்கையில் குட்டைச் செடிகளாக நின்றன.

பாம்பு, ஆமை பற்றிக் கேட்டீர்கள். ஆமைக்குத் தப்பிக்க வழியில்லை, நிறையவே சாகும். பாம்பும் எலியும் வளைக்குள் போய்விடும். தரைப்பறவைகளின் கூட்டுக்கு ஆபத்து, எரிக்கும் மாதத்தைப் பொறுத்தது. எந்தத் தீயும் யாரையாவது கொல்லத்தான் செய்யும். கேள்வி ஒரு தீயைப் பற்றியது இல்லை, எத்தனை ஆண்டுக்கு எத்தனை தீ, எவ்வளவு பரப்பில் என்பதுதான்.

மசினகுடி_மாறன்

புல்லறிவாளன் ஐயா எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனால் இதை எங்கள் ஊர் டீக்கடையில் படித்துக் காட்டினால் நாளைக்கே நாலு பேர் தீப்பெட்டியோடு கிளம்பிவிடுவார்கள்.

முதுமலைப் பக்கம் பிப்ரவரி, மார்ச் வந்தாலே எங்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். இங்கே தானாக வரும் தீ கிடையாது, எல்லாம் கை வைத்த தீ. மாட்டுக்குக் கொழுந்துப் புல் வேண்டும் என்று வைப்பவர் உண்டு. உதிர்ந்த மான்கொம்பு பொறுக்க, தரை தெரியட்டும் என்று வைப்பவர் உண்டு. வனத்துறை மேல் இருக்கிற கோபத்தில் வைப்பவரும் உண்டு. பீடித் துண்டைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். முதுமலைத் தீயைப் பற்றி 2004இல் வந்த ஆய்வு ஒன்று, ஓர் இடம் சராசரியாக 3.3 ஆண்டுக்கு ஒருமுறை எரிகிறது என்றும், எண்பது ஆண்டில் தீ மூன்று மடங்காகிவிட்டது என்றும் சொன்னது. பெரிய மரமெல்லாம் நிற்கும், உண்மைதான். கீழே குனிந்து பாருங்கள், இளமரம் எங்கே? வேங்கையும் நெல்லியும் என் அப்பா காலத்தில் நின்ற அதே மரங்கள்தான் இன்றைக்கும் நிற்கின்றன. அவை விழுந்தால் அடுத்து யார்?

ஆப்பிரிக்காவில் புல்வெளி. இங்கே காடு. அங்கே பொருந்துவதை இங்கே கொண்டுவர வேண்டாம் என்பது என் கட்சி.

புல்லறிவாளன்

மாறன், 3.3 ஆண்டுக் கணக்கை நானும் மறுக்கவில்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதே இடம் எரிந்துகொண்டிருந்தால் எந்தக் கன்றும் தலையெடுக்காது. க்ரூகர் சோதனை சொல்வதும் அதைத்தான்.

ஆனால் "ஆப்பிரிக்காவில் புல்வெளி, இங்கே காடு" என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். முதுமலையின் வறண்ட பகுதிக்குள் என்ன இருக்கிறது? மரங்களுக்கு இடையே வானம் தெரிகிறது. தரையெல்லாம் புல், அதிலும் பல இடத்தில் தெமேடா வகையே ஆள் உயரத்துக்கு நிற்கிறது. கருமருதின் பட்டையைக் கையால் தடவிப் பாருங்கள், முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்து அத்தனை தடிமன். மழைக்காட்டு மரங்களின் மெல்லிய பட்டையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். தீயே இல்லாத இடத்தில் பிறந்த மரத்துக்கு எதற்கு அவ்வளவு பெரிய கவசம்? க்ரூகரின் ப்ரிட்டோரியஸ்கோப் பக்கம் அதிகமாக நிற்பதும் டெர்மினாலியாதான், நம் கருமருதின் பேரினம்.

பெங்களூர் என்.சி.பி.எஸ். உயிரியல் ஆய்வு நிறுவனத்தின் ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் முதலியோர் 2011இல் இதைத்தான் எழுதினார்கள்: நாம் இலையுதிர்காடு என்று ஏட்டில் குறித்து வைத்திருப்பதில் பெரும்பகுதி சவன்னாவின் குணத்தோடு இருக்கிறது, அதைக் கெட்டுப்போன காடாகப் பார்த்து நிர்வகித்தால் தப்பாகப் போகும் என்று. சங்கரன் தொடக்கத்தில் ஆய்வு செய்தது எங்கே தெரியுமா? செல்வத்தின் ஊரான அம்பாசமுத்திரத்துக்கு மேலேயே, முண்டந்துறைப் புல்வெளியில், தீயையும் மேய்ச்சலையும் பற்றித்தான்.

அவர் பங்கெடுத்த இன்னொரு வேலை 2005இல் வந்தது. ஆப்பிரிக்கா முழுவதும் 800க்கும் மேற்பட்ட இடங்களின் தகவலை எடுத்துப் பார்த்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டருக்குக் கீழே மழை பெய்யும் இடத்தில், மரங்கள் நெருங்கி அடைய முடியாமல் தண்ணீரே தடுத்துவிடுகிறது. அங்கே தீ இல்லாவிட்டாலும் புல் பிழைக்கும். அதற்கு மேல் மழை போனால், தீயோ யானையோ வேறு மேய்ச்சலோ பிடித்து இழுத்தால்தான் சவன்னா சவன்னாவாக இருக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். அதே ஆண்டு சூழலியல் அறிஞர் வில்லியம் பாண்ட் குழுவினர் கணினி மாதிரி ஒன்றில் உலகம் முழுவதும் தீயை அணைத்துப் பார்த்தார்கள். அடர்காட்டின் பரப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. அதாவது பூமியில் காடாகியிருக்க வேண்டிய நிலத்தில் ஏறக்குறைய பாதியை, காடாகாமல் தீ பிடித்து வைத்திருக்கிறது.

மணிமேகலை_சு

இரண்டு மடங்கு காடு என்றால் நல்லதுதானே அண்ணா? இதை யாராவது எனக்குப் புரியும்படி சொல்லுங்கள். நான் சுற்றுச்சூழல் நிதிப் பக்கம் வேலை செய்கிறேன், எங்களிடம் வரும் விண்ணப்பங்களில் பாதி "வெற்று நிலத்தில் மரம் நடுகிறோம், கரியமில வாயுவைப் பிடிக்கிறோம்" என்றுதான் இருக்கும். தீயை நிறுத்தினால் மரம் தானாக வரும், நடும் செலவுகூட மிச்சம். அதில் என்ன குறை?

புல்லறிவாளன்

அந்த "வெற்று நிலம்" என்ற வார்த்தையில்தான் வம்பு இருக்கிறது, மணிமேகலை.

பிரேசில் இதைச் செய்து பார்த்துவிட்டது. அங்கே செராடோ என்ற சவன்னா சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர் பரவியிருந்தது, பாதியை சோயாவும் மாட்டுப் பண்ணையும் தின்றுவிட்டன. மிச்சமிருந்த காப்பகங்களில் பல பத்தாண்டுகளாகத் தீயே கூடாது என்பது விதி. சாவ் பாவ்லோ மாநிலத்தின் சாந்தா பார்பரா காப்பகத்தில் 2017இல் வந்த கணக்கைப் பாருங்கள்: தீயை நிறுத்தி அடர்காடாக மூடிக்கொண்ட இடங்களில் கரிமம் கூடியது உண்மை, ஆனால் தாவர இனங்கள் 27 சதவீதம், எறும்பு இனங்கள் 35 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே மட்டுமே வாழும் செடிகளில் பலவற்றுக்கு உடம்பின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் இருக்கிறது. தரைக்கு மேல் ஒரு ஜாண் செடி, கீழே பருத்த கிழங்கும் கட்டையும். எரிந்த சில வாரத்துக்குள் பூத்துத் தள்ளும். மேலே நிழல் விழுந்தால் பூக்காது, அப்புறம் இருக்காது. அந்த இடத்துக்கு வரும் நிழல்தாங்கி மரங்களோ வேறு எங்கேயும் கிடைக்கிற சாதாரண மரங்கள்.

இன்னொன்று, கிடைக்கிற கரிமமும் எதிர்பார்க்கிற அளவு இல்லை. சவன்னாவின் கரிமத்தில் பெரும்பங்கு மண்ணுக்குள் இருக்கிறது, தீ அதைத் தொடுவதில்லை. க்ரூகரின் அதே சோதனைத் துண்டுகளில் மண்ணையும் வேரையும் சேர்த்து அளந்து 2022இல் வெளியிட்டார்கள். அறுபது ஆண்டுக்கு மேல் தீயை நிறுத்தியும் கூடிய கரிமம் சொற்பம்தான்.

2024இல் ஆப்பிரிக்காவின் மறுசீரமைப்புத் திட்டங்களை அலசிய ஒரு கட்டுரை, பிரான்ஸ் நாட்டளவு புல்வெளியும் சவன்னாவும் மரம் நடும் பட்டியலில் தவறாகச் சேர்ந்திருக்கிறது என்று காட்டியது. உங்கள் மேசைக்கு வரும் விண்ணப்பத்தில் அந்த நிலத்தின் புல் என்ன என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பலாம்.

டார்வின்_சேகர்

வடக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து என் பங்குக்கு. இங்கே நவம்பரில் மழை, ஏப்ரலில் நின்றுவிடும். அப்புறம் ஆறு மாதம் சொட்டு இல்லை. நடுவில் நிற்கும் புல் ஆளை மறைக்கும். இது எரியுமா எரியாதா என்ற பேச்சுக்கே இடமில்லை, எப்போது எரியும் என்பது மட்டும்தான்.

மே, ஜூனில் புல் பாதிக் காய்ச்சலில் இருக்கும்போது, பனி இறங்கும் நேரம் பார்த்து வைத்தால் தீ முழங்கால் உயரத்தில் ஊர்ந்து போகும். ஓடையைக் கண்டால் நிற்கும், இரவு பனியில் தானே அவியும். திட்டுத்திட்டாக எரிந்ததும் எரியாததுமாக மிஞ்சும். அதே புல்லை செப்டம்பர், அக்டோபருக்கு விட்டால், ஒரு மின்னலோ ஒரு வண்டிக்காரனோ போதும், வாரக்கணக்கில் நிற்காமல் ஓடி மரத்தின் உச்சி இலை வரை கருக்கும். இங்கத்திய பழங்குடியினர் இந்த முதல் வகைத் தீயைத்தான் காலங்காலமாக நடந்துகொண்டே வைத்து வந்தார்கள். அவர்களை மிஷன்களுக்கும் டவுன்களுக்கும் கூட்டிப்போன பிறகு மேற்கு ஆர்னம் லேண்டின் பாறைப் பீடபூமியில் ஆளே இல்லை, பெருந்தீ ஆட்சிக்கு வந்தது.

2006இல் அந்தப் பழங்குடி வனக்காவலர்களும் அரசும் டார்வினிலுள்ள எரிவாயு ஆலையும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். சுமார் 28,000 சதுர கிலோமீட்டரில் அவர்கள் முன்பருவத் தீ வைப்பார்கள். பின்பருவப் பெருந்தீ குறைவதால் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் குறையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் கரியமில வாயுவுக்குச் சமமான அளவு. அதற்கு ஆலை பணம் தரும். மணிமேகலை, தீயை நிறுத்தி அல்ல, தீ வைத்துக் கரிமக் கணக்கு எழுதுகிறார்கள் பாருங்கள்!

வேலை எப்படி நடக்கும் என்றால், ஊருக்குப் பக்கத்தில் கையில் தீக்குடுவையோடு நடந்து வைப்பார்கள். நடக்க முடியாத இடத்துக்கு ஹெலிகாப்டர். பிங்பாங் பந்தைவிடச் சிறிய பிளாஸ்டிக் குப்பிகளுக்குள் பொட்டாசியம் பெர்மாங்கனேட் இருக்கும். கீழே விழுவதற்குச் சற்று முன் ஓர் ஊசி கிளைகால் என்ற வேதித் திரவத்தை அதற்குள் ஏற்றிவிடும், தரைக்குப் போய்ச் சில நொடியில் பற்றிக்கொள்ளும். எங்கே போடுவது என்று சொல்வது பெரும்பாலும் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் வயதான தாத்தாதான்.

பறவைகளைப் பற்றி ஒன்று. இங்கே கரும்பருந்தும் பழுப்பு வல்லூறும் தீயின் ஓரத்தில் வட்டமிட்டு, ஓடிவரும் வெட்டுக்கிளியையும் பல்லியையும் பிடிக்கும். தீ அணையப் போனால் எரியும் குச்சியைக் காலில் தூக்கிக்கொண்டு போய் ஓடைக்கு அந்தப் பக்கம் போடுவதும் உண்டு. பழங்குடியினர் எப்போதிருந்தோ சொல்லிவந்ததை 2017இல்தான் ஆய்விதழில் எழுதினார்கள்.

எல்லாம் சுபம் என்று சொல்ல வரவில்லை. முன்பருவத் தீயையும் ஆண்டுக்கு ஆண்டு அதே இடத்தில் வைத்தால் அழிவுதான். இங்கே சைப்ரஸ் பைன் என்று ஒரு மரம், அதற்கு மறுதாம்பு விடத் தெரியாது, விதையிலிருந்துதான் வரவேண்டும். அது பல இடத்தில் எலும்புக்கூடாக நிற்கிறது. ககாடு தேசியப் பூங்காவில் சிறு பாலூட்டிகள் சரிந்துபோனதற்குக் காட்டுப்பூனையோடு அடிக்கடி வரும் தீயும் ஒரு காரணம்.

தேயிலைத்_தோட்டம்

மூணாறுக்காரன் நான். இரவிகுளத்தில் வரையாட்டுக்காகப் புல்லை எரிப்பது பல காலமாக நடக்கிறது. மொத்த மலையையும் அல்ல, பாத்தி பிரித்துச் சுழற்சியில். பனிக்காலத்தில், முதுவர் பழங்குடியினர் துணையோடு, தீ தாண்டாதபடி முதலில் சுற்றிலும் தீக்கோடு வெட்டிவிட்டு. எரிந்த சரிவில் கொழுந்து வந்ததும் குட்டியோடு ஆடுகள் அங்கே இறங்கும்.

மேல்மலைப் புல்வெளி காட்டை வெட்டியதால் வந்தது என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாச் சதுப்பில் மண் எடுத்து 1993இல் வந்த ஆய்வு, 20,000 ஆண்டுக்கு முன்பே அங்கே புல் இருந்ததைக் காட்டிவிட்டது. அந்தப் புல்லில்தான் வெள்ளைக்காரன் சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் நட்டான். நாமும் விட்டோமா, 1980கள் வரை நட்டோம்.

மசினகுடி_மாறன்

வரையாட்டுக்கு எரிக்கிறார்கள், சரி. சேகர் அண்ணன் ஊரில் ஹெலிகாப்டரில் எரிக்கிறார்கள், சரி. எங்கள் ஊரில் வறட்சிக் கடைசியில் கண்டவன் வைக்கிற தீயைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே.

மேய்ச்சல் விஷயம் ஒன்று. முன்பு எங்கள் பக்கம் ஆயிரக்கணக்கில் பட்டிமாடு இருந்தது. மாடு காட்டைக் கெடுக்கிறது என்றார்கள், இருக்கலாம். ஆனால் மாடு தின்ற புல் மார்ச்சில் எரியாது. இப்போது மாடும் குறைவு, புல் எருமை மறையும் உயரம்.

புல்லறிவாளன்

மாறன், நீங்கள் கடைசியில் சொன்னதற்கு செரெங்கெட்டியே சாட்சி. 1890களில் வெளியிலிருந்து கொண்டுவந்த மாட்டோடு வந்த வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) கிழக்கு ஆப்பிரிக்காவில் மாட்டையும் காட்டு விலங்கையும் வாரிக்கொண்டு போனது. 1960களில் தடுப்பூசியால் அந்த நோய் மாட்டிலிருந்து ஒழிந்தது. அதற்கு முன் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் என்ற மேய்ச்சல் விலங்கு 1970களின் கடைசிக்குள் 13 லட்சத்தைத் தாண்டியது. யாரும் தீயைத் தடுக்கவில்லை, ஆனால் தீ சுருங்கியது. எரிய வேண்டிய புல்லை வாய் தின்றுவிட்டது. அப்புறம் மரம் கூடியது. ஒரு மாட்டு நோய் போனதால் மரம் வந்தது, நடுவில் இருந்தது புல்லும் தீயும்.

தென்னாப்பிரிக்காவின் ஷ்லுஷ்லுவே-இம்ஃபலோசி பூங்காவில் வெள்ளைக் காண்டாமிருகத்துக்கும் இதே வேலை. அது மொட்டையாக மேய்ந்து வைக்கும் குட்டைப்புல் திடல்களில் தீ நின்றுபோகும். மிருகத்தைப் பிடித்து வேறிடத்துக்குக் கொண்டுபோன பகுதியில் புல் உயர்ந்தது, தீயின் பரப்பும் பெருத்தது. அதனால் தீயைத் தனியாகப் பேசவே முடியாது. எவ்வளவு புல், யார் தின்கிறார்கள், எந்த மாதம், போன தீ எப்போது. இந்த நான்கையும் சேர்த்துச் சொல்லாமல் தீ நல்லது, தீ கெட்டது என்று சொல்பவர் எவரானாலும் எனக்கு நம்பிக்கை வராது.

க்ரூகரும் இதைக் கற்க நிறைய விலை கொடுத்தது. 1950களின் நடுப்பகுதி வரை தீயை அடக்கினார்கள். பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கடிகாரம் போல எரித்தார்கள், எல்லாமே ஒரே மாதிரி ஆகிப்போனது. 1992இல் மின்னல் மட்டும் எரிக்கட்டும், மனிதத் தீயை அணைப்போம் என்றார்கள். ஆனால் எரிந்த பரப்பில் பெரும்பகுதி மனிதத் தீயாகவே இருந்தது. 2001 செப்டம்பரில் ப்ரிட்டோரியஸ்கோப் அருகே காற்றோடு வந்த தீயில் கூரைப்புல் அறுக்க வந்த பெண்களும் காவலர்களுமாக 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கடுத்த ஆண்டிலிருந்துதான் இப்போதைய முறை. பருவத் தொடக்கத்தில் சிறு சிறு தீயாக வைத்துப் புல்லின் தொடர்ச்சியை உடைத்துவிடுகிறார்கள், கடைசியில் வரும் பெருந்தீ ஓட இடமில்லாமல் போகும். செல்வம் பார்த்த கரி அந்தக் கணக்கில் வந்ததாகத்தான் இருக்கும்.

கொள்ளேகால்_குமார்

மாறன் கேட்டதற்கு எங்கள் பிலிகிரிரங்கன் மலைக் கதை பொருந்தும். இங்கே சோலிகப் பழங்குடியினர் முன்பு ஜனவரி வாக்கில் சருகுக்குத் தீ வைப்பார்கள். கன்னடத்தில் தரகு பெங்கி என்பார்கள். இரவு பனியின் ஈரம் இன்னும் தரையில் இருக்கும், மேல்சருகு மட்டும் எரியும். 1970களில் சரணாலயம் ஆனது, தீ வைத்தால் வழக்கு. நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகு உண்ணிச்செடி காட்டுக்குள் ஏறியது. 1997க்கும் 2008க்கும் இடையில் அதன் அடர்த்தி பல மடங்கானதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். சோலிகப் பெரியவர்களைக் கேட்டால், முன்பெல்லாம் உண்ணிக் கன்று சருகுத் தீயிலேயே போய்விடும், தீ நின்றதும் தழைத்துவிட்டது என்கிறார்கள். நெல்லி மரத்தில் புல்லுருவி கூடியதற்கும் அதே காரணம் சொல்கிறார்கள், கீழிருந்து வரும் சூடும் புகையும் அதைக் கட்டுப்படுத்தி வந்ததாம். உண்ணி ஏறிய எல்லா இடத்துக்கும் தீ நின்றதே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, தீ அடிக்கடி வரும் முதுமலையிலும் அது பெருகித்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் வைத்த தீயும் மார்ச் மாதத் தீயும் ஒன்றல்ல என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

இப்போது சிக்கல் என்னவென்றால், பழைய தீயைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது. உண்ணிப் புதர் ஆள் உயரத்துக்கு மேல் பின்னிக் கிடக்கிறது, மரத்தில் கொடி மாதிரி ஏறியும் நிற்கிறது. ஜனவரியில் வைத்தாலும் தீ அதைப் பிடித்து உச்சிக்குப் போகும். எரிந்த உண்ணியோ கட்டையிலிருந்து இன்னும் வேகமாகக் கிளம்பும்.

டார்வின்_சேகர்

குமார் சொல்வது இங்கே அப்படியே தலைகீழாக நடக்கிறது. காம்பா என்று ஓர் ஆப்பிரிக்கப் புல், மாட்டுத் தீவனத்துக்கென்று 1930களில் கொண்டுவந்தது. நான்கு மீட்டர் உயரம் வரும். உள்ளூர்ப் புல்லின் தீயைவிட எட்டு மடங்கு வரை உக்கிரமாக எரியும். ஆப்பிரிக்காவில் அதைத் தின்ன ஆள் உண்டு, இங்கே கிடையாது. தீக்குப் பழகிய யூகலிப்டஸே அதில் சாகிறது. காம்பா பரவிய இடத்தில் முன்பருவத் தீ என்ற பேச்சே எடுபடுவதில்லை.

மசினகுடி_மாறன்

குமார் எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படியென்றால் முதலில் உண்ணியை வேரோடு எடுக்க வேண்டும், உள்ளூர்ப் புல் வரவேண்டும், அதற்குப் பிறகுதான் பனித்தீயைப் பற்றிப் பேச்சே. அதுவும் யார் பொறுப்பு? 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி காப்புக்காட்டில் தீ வைத்தாலே குற்றம். ஒரு ரேஞ்சர் நல்ல மனதோடு சோதனைக்கு வைத்து, காற்று திரும்பி நூறு ஏக்கர் போனால் அவர் வேலை போய்விடும். வைக்காமல் விட்டு ஆயிரம் ஏக்கர் எரிந்தால் அது இயற்கைச் சீற்றம், ஒருவர் வேலையும் போகாது. இந்த நாற்காலிக் கணக்கு மாறாமல் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் இங்கே நடக்காது.

தேயிலைத்_தோட்டம்

ஆனால் மாறன், முதுமலையில் வனத்துறை ஆண்டுதோறும் தீக்கோடு போடுகிறதே, அதில் வெட்டிய புல்லையும் சருகையும் எப்படி ஒழிக்கிறார்கள்? எரித்துத்தானே? ஜனவரி, பிப்ரவரியில், வேட்டைத்தடுப்புக் காவலரும் தற்காலிகத் தீக்காவலரும் வரிசையாக நின்று. ஆக, பருவம் பார்த்துத் தீ வைக்கத் தெரிந்த ஆட்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் குறும்பரும் இருளரும்தான். அந்தக் கோட்டை எங்கே, எவ்வளவு அகலமாகப் போடுவது என்பதில் அவர்களைக் கேட்கிறார்களா என்பது வேறு விஷயம்.

மசினகுடி_மாறன்

கேட்பதில்லை. காகிதத்தில் போன வருடம் எந்தக் கோடோ அதே கோடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உண்ணி எடுத்த இடத்தில் பனித்தீ வைத்தாலும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று க்ரூகர் மாதிரி அட்டவணை போட்டால் வேங்கைக்கன்று மேலே வராது. இரண்டு மூன்று மீட்டர் வளர விடாமலே கருக்கிக்கொண்டிருப்போம்.

புல்லறிவாளன்

அதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அட்டவணைதான் ஆகாது. எரிவதற்கு நடுவே எங்காவது சில ஆண்டு நீண்ட இடைவெளி விழ வேண்டும், எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் அல்ல. அந்த இடைவெளியில் ஒரு கூட்டம் கன்று தப்பித்து மேலே போகும். சவன்னாவில் மரங்கள் வயதுக் கூட்டம் கூட்டமாக நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அதே சமயம் "எவ்வளவு விதவிதமாக எரிக்கிறோமோ அவ்வளவு நல்லது" என்று ஒரு கட்சியும் இருக்கிறது, அதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். க்ரூகர் துண்டுகளில் எறும்புகளைப் பார்த்தபோது, வெவ்வேறு தீமுறைக்கு நடுவே அவை பெரிதாக மாறவே இல்லை, தீயோடு வாழ்ந்து பழகியவை. அதிகமாக மாறியது தீயே வைக்காத துண்டுகளில்தான். முதுமலையில் எந்த உயிருக்கு எவ்வளவு இடைவெளி தேவை என்பதை முதுமலையில்தான் பார்க்க வேண்டும். 1988இலிருந்து அங்கே 50 ஹெக்டேரில் ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு அளந்துவருகிறார்கள், எரிந்த ஆண்டுகள் உட்பட. தொடங்க அதைவிட நல்ல இடம் வேறு இல்லை.

மணிமேகலை_சு

நிலத்தின் புல் என்ன என்ற கேள்வியை எங்கள் படிவத்தில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். "புல்லுக்கு எதற்குத் தனி வரி" என்று மேலேயிருந்து பதில் வந்திருக்கிறது. உண்ணியை வேரோடு எடுக்க ஏக்கருக்கு என்ன செலவாகிறது, எடுத்த பிறகு எத்தனை ஆண்டு திரும்பப் போய்க் களையெடுக்க வேண்டியிருக்கிறது என்று குமாரும் மாறனும் சொன்னால் அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன்.

நெறியாளர்

உண்ணிச்செடி அகற்றும் செலவு, அதிலிருந்து நாற்காலி செய்வது, கரிக்கட்டி செய்வது பற்றி வந்த பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். மணிமேகலையின் கேள்விக்கு அங்கே பதில் எழுதுங்கள். தீயைப் பற்றி மட்டும் இங்கே தொடரலாம்.